இரட்சிக்கப்பட்ட தேதி கேட்டால் என்ன சொல்வது?

தம்பி,

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் எழுதிவிடுகிறேன். தப்பாக இருந்தால் திருத்துங்கள். மேலூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போயிருக்கிறீர்கள். பஜ்ஜி, காபி எல்லாம் ஆன பிறகு பெண்ணின் தாய்மாமா, "தம்பி எப்போ இரட்சிக்கப்பட்டீங்க? தேதி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். உங்களுக்கு வாயே வரவில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல் (குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை வளர்ந்த பிறகு தானே உறுதிசெய்கிற சடங்கு) என்று வரிசையாக வந்தவர் நீங்கள். இன்ன நாள் என்று விரல் வைத்துச் சொல்ல ஒரு நாள் கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் பெரிதாகிவிட்டது. இருபத்தொன்பது வயதாகிறது, பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்த மாதிரியேதான் இருக்கிறேன், பைபிளைத் திறந்தால் மனம் ஒட்டவில்லை, என் விசுவாசம் நிஜம்தானா, இல்லை வெறும் வீட்டுப் பழக்கமா என்று எழுதியிருக்கிறீர்கள்.

தேதி விஷயத்துக்குப் பதில் சின்னது. தேதி தெரியாதவர்கள் சபையில் பாதிப்பேர் இருப்பார்கள், நானும் அதில் ஒருத்தி. வளர்கிறேனா என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் போதகர் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் முப்பத்தொரு வருஷம் மதுரையில் எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுத்திருக்கிறேன். நீங்கள் கேட்டதை ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நின்று கேட்கும். அதனால் படித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்த மாமாவின் கேள்விக்கு வயது நானூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1630-களில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பியூரிட்டன்கள், அதாவது திருச்சபையை இன்னும் சுத்தமாக்க வேண்டும் என்று நின்ற சீர்திருத்தக்காரர்கள், தங்கள் சபைகளில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். முழு அங்கத்தினராகச் சேர வேண்டுமானால், தேவன் தன்னை எப்படி மனந்திரும்பச் செய்தார் என்று சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். முதல் தலைமுறைக்கு அது கஷ்டமாக இல்லை. கடல் தாண்டி வந்தவர்கள், சொல்லக் கதை இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் தொல்லை. ஜெபத்திலேயே பிறந்து, ஜெபத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்ல எந்தத் திருப்பமும் இல்லை. சாட்சி இல்லாததால் அவர்கள் முழு அங்கத்தினர் ஆகவில்லை. அவர்கள் முழு அங்கத்தினர் ஆகாததால் அவர்களுடைய குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று சிக்கல் வந்தது. கடைசியில் 1662-இல் பாஸ்டனில் கூடிப் பேசி ஒரு சமரசம் செய்தார்கள். அப்படிப்பட்டவர்களின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு, ஆனால் பெற்றோருக்குத் திருவிருந்து, அதாவது ஆராதனையில் பகிர்கிற அப்பமும் திராட்சரசமும், கிடையாது. வரலாற்றில் அதற்குப் 'பாதி வழி உடன்படிக்கை' என்று கேலியாகவே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்குள் விட்டு, சாப்பாட்டுப் பந்தியில் உட்கார விடாத மாதிரி.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், மதுரைக்கு 1834-இல் யாழ்ப்பாணம் வழியாக வந்த அமெரிக்க மிஷன் அந்த மரபில் வந்ததுதான். பசுமலையில் 1845 முதல் செமினரி (சபை ஊழியர்களுக்கான பயிற்சிப் பள்ளி) நடத்தியவர்கள், பிறகு 1881-இல் அமெரிக்கன் கல்லூரிக்கு வித்திட்டவர்கள், எல்லோரும் அந்தச் சபைக்காரர்களின் வழிவந்தவர்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பக்கத்திலிருந்து திடப்படுத்தல் வழக்கமும் நமக்கு வந்து சேர்ந்தது. ஆக, நம் ஊர் சபைகளில் இரண்டு பழக்கமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. ஒன்று, பிள்ளையைக் கைபிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிவருவது. இன்னொன்று, எழுப்புதல் கூட்டத்தில் கை தூக்கச் சொல்வது. உங்கள் வருங்கால மாமா (ஆகட்டும், ஆகட்டும்) இரண்டாவது பக்கத்திலிருந்து கேட்டார், நீங்கள் முதல் பக்கத்தில் நின்றுகொண்டு முழித்தீர்கள்.

அந்தப் பியூரிட்டன் மரபிலேயே ஒருவர் இதற்குப் பதிலும் சொன்னார். ஹோரேஸ் புஷ்னெல் என்று கனெக்டிகட்டில் ஒரு போதகர். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை கிறிஸ்தவனாகவே வளர வேண்டும், தான் வேறு மாதிரி இருந்ததாக அதற்கு ஞாபகமே இருக்கக் கூடாது என்று 1847-இல் எழுதினார். அவருடைய சக போதகர்களுக்கு அது பிடிக்கவில்லை, பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. பாக்கிக் கால்வாசி ஏன் சரியில்லை என்றால், வீட்டுப் பழக்கம் பழக்கமாகவே நின்றுபோவதும் உண்டு. அறுபது வயதிலும் அப்பா சொல்லிக்கொடுத்த ஜெபத்தை, அப்பா சொன்ன வேகத்திலேயே சொல்லி முடித்துவிட்டு டிபனுக்கு உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும்.

இனி என் தொழில்புத்தி கொஞ்சம் வெளியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பவுலின் நிருபங்களில் இரட்சிப்பு மூன்று காலத்திலும் வருகிறது. எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் 'இரட்சிக்கப்பட்டீர்கள்' என்று இறந்தகாலம். ரோமர் ஐந்தில் இனி இரட்சிக்கப்படுவது நிச்சயம் என்று எதிர்காலம். 1 கொரிந்தியர் முதல் அதிகாரம் பதினெட்டாம் வசனத்தில் 'இரட்சிக்கப்படுகிற நமக்கோ' என்று நிகழ்காலம். பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள், கிறு, கின்று, ஆநின்று என்று நிகழ்கால இடைநிலை. அந்தக் 'கிறு' அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மூலமொழியான கிரேக்கத்திலும் அந்த இடத்தில் தொடர்ந்து நடக்கிற காரியத்தைச் சொல்லும் வடிவம்தான். மாமா இறந்தகாலத்தில் கேட்டார். அதில் தப்பில்லை. மற்ற இரண்டு காலத்தையும் அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். இறையியல்காரர்கள் இதற்கு நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாகுதல், மகிமைப்படுதல் என்று மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலாவது ஒரு தீர்ப்பு மாதிரி, ஒரு நொடியில் ஆகிவிடுகிறது என்பார்கள். நடுவில் இருக்கிறதே, அதற்குத்தான் ஆயுசு முழுக்கத் தேவைப்படுகிறது.

ஒரே நாளில் மாறியவர்களைப் பற்றிக் கேட்பீர்கள். உண்டு, மறுக்கவே மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு லாரி டிரைவர். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தின் மூன்றாம் நாள் ராத்திரி குடியை விட்டார், அதற்கப்புறம் இன்றுவரை தொட்டதில்லை. தேதி, கிழமை, அன்றைக்குப் பிரசங்கித்த வசனம் எல்லாம் சொல்வார். அவர் மனைவியிடம் தனியாகக் கேட்டேன். "குடியை ஒரு ராத்திரியில விட்டாரு டீச்சர். தட்டைத் தூக்கி எறியுறதை விடப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு" என்றாள். அந்தப் பன்னிரண்டு வருஷத்தை எந்தச் சாட்சிக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை.

பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். தமஸ்கு வழியில் விழுந்தது ஒரு நிமிஷம். அதற்கப்புறம் அரபி தேசத்துக்குப் போனதும், மூன்று வருஷம் கழித்துத்தான் எருசலேமுக்குப் போனதும் கலாத்தியர் முதல் அதிகாரத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகளில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பேதுரு கதை இன்னும் நமக்குத் தோது. வலையை விட்டுவிட்டு வந்தார், கடலில் மூழ்கினார், மறுதலித்தார், அழுதார், பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் சேருகிற மாதிரி பிரசங்கித்தார். சரி, இனிமேல் ஆள் தேறிவிட்டார் என்று நினைத்தால், பல வருஷம் கழித்து அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு எழுந்துபோகிறார். பவுல் முகத்துக்கு நேரே கேட்கிறார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற விஷயத்தில் பரிசுத்தவானே தடுக்கி விழுந்தார் என்பது நம் ஊர் ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜான் வெஸ்லி பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், மெதடிஸ்ட் சபைகளுக்கு மூலவர். 1728-இல் குருவானவர். பத்து வருஷம் கழித்து, 1738 மே 24 ராத்திரி லண்டனில் ஒரு கூட்டத்தில் தன் இருதயம் வினோதமாக அனலடைந்தது என்று குறித்துவைத்தார். தேதிக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி. ஆனால் அடுத்த ஜனவரியில் அதே நாட்குறிப்பில், நான் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்று எழுதியிருக்கிறார். எட்டு மாசம்கூட முழுசாக ஆகவில்லை! அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணினார். தேதி தெரிந்தவருக்கும் சந்தேகம் விடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மாற்கு எட்டாம் அதிகாரம். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு தொடுகிறார், எதையாவது காண்கிறாயா என்று கேட்கிறார். அவன், நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன் என்கிறான். மறுபடியும் கைவைக்கிறார், அப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. சுவிசேஷங்களில் இரண்டு தடவையாக நடந்த சுகம் இது ஒன்றுதான். வகுப்பில் பிள்ளைகள், ஆண்டவருக்கு முதல் தடவை சரியாக வரவில்லையா டீச்சர் என்று கேட்கும். நான் சொல்வது, அந்த ஆளைக் கவனியுங்கள் என்பது. பாதிதான் தெரிகிறது என்று ஒளிக்காமல் சொன்னான் பாருங்கள். "தெரியுது, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், ஆயுசுக்கும் மரங்களோடு பேசிக்கொண்டு திரிந்திருப்பான். நீங்கள் எனக்கு எழுதியதும் அவன் சொன்ன மாதிரிதான். அதனாலேயே உங்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

சரி, வளர்ச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது?

உணர்ச்சியை வைத்துப் பார்க்காதீர்கள். ஆராதனையில் கண்ணீர் வருவது, உடம்பு சிலிர்ப்பது எல்லாம் நல்லதுதான். நல்ல ஆர்கன் வாசிப்புக்கும் அது வரும். தெரிந்த வசனங்களின் எண்ணிக்கையும் உதவாது. எங்கள் வகுப்பில் சங்கீதம் 119 முழுவதையும் மனப்பாடம் சொன்ன பையன் ஒருவன், பிற்பாடு தம்பியின் பங்கு நிலத்தில் வேலி போட்டான். நான் பார்த்தவரை ஏமாற்றாத அளவுகோல் ஒன்றுதான்: விழுந்த பிறகு திரும்பி வர எவ்வளவு நாள் எடுக்கிறது? நம் மொழியில் அதற்கு மனந்திரும்புதல் என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருதரம் திரும்பிவிட்டு அப்படியே நின்றுவிடுகிற காரியம் மாதிரி அதைப் பேசுகிறோம். தினமும் திரும்ப வேண்டியிருக்கிறது.

என் கதையைச் சொன்னால்தான் புரியும். என் மாமியார் இறந்த பிறகு ஒரு ஜோடி வளையல் விஷயமாக எனக்கும் என் நாத்தனாருக்கும் பேச்சு நின்றுபோனது. ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷமும் திடப்படுத்தல் வகுப்பில் கர்த்தருடைய ஜெபத்தில், 'எங்களுக்கு விரோதமாகக் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற பகுதிக்கு ஒரு வாரம் முழுக்கப் பாடம் நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன், அதுதான் வெட்கம். பிறகு ஒருநாள் அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, போனேன், பந்தியில் அவரே இலை போட்டார், இரண்டு பேரும் அழுதோம். அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் கழித்து, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அறுப்பின் பண்டிகைக் கணக்கு விஷயமாக ஒருவர் என்னைச் சந்தேகப்பட்ட மாதிரி பேசினார். மூன்று வாரம் அவர் உட்காரும் பெஞ்சுப் பக்கம் நான் திரும்பவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி என் வாசலை மறித்து வண்டியை நிறுத்தினான், நான் கத்தினேன், அவனும் கத்தினான். அன்றைக்குச் சாயங்காலமே முறுக்குத் தட்டோடு போய் நின்றேன்.

கோபம் அன்றைக்கு வந்த அளவுதான் இன்றைக்கும் வருகிறது. இந்த வயதுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கலாமே என்றுகூடத் தோன்றும். ஆனால் ஒன்பது வருஷம், மூன்று வாரம், ஒரு சாயங்காலம். நான் வளர்கிறேன் என்று அந்த நாட்களில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. இப்போது திரும்பிப் பார்த்துக் கூட்டினால்தான் கணக்கு வருகிறது. விதைத்தவன் ராத்திரி தூங்கி, பகலில் எழுந்து, விதை எப்படி முளைக்கிறது என்று அவனுக்கே தெரியாமல், முன்பு முளை, பின்பு கதிர், அப்புறம் கதிரிலே நிறைந்த தானியம் என்று மாற்கு நான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். உங்களுக்கு இருபத்தொன்பது வயது. கூட்டிப் பார்க்க இன்னும் தொகையே சேரவில்லை.

அப்புறம் வறட்சி. பைபிள் ஒட்டவில்லை, ஜெபம் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்றீர்கள். திருமங்கலம் பக்கம் எங்கள் சபை மூப்பர் ஒருவர் அரை ஏக்கரில் மல்லி வைத்திருக்கிறார். நவம்பர் கடைசியில் ஒருதரம் அவர் தோட்டத்துக்குப் போய்விட்டு, செடியெல்லாம் பட்டுப்போய்விட்டதே என்று பதறிவிட்டேன். தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் ஒன்றும் இல்லை, வெறும் குச்சி. அவர் சிரித்தார். "கவாத்துப் பண்ணிருக்கோம்மா. இப்ப வெட்டாம விட்டா பங்குனியில பூ இருக்காது, இலைதான் இருக்கும்" என்றார். யோவான் பதினைந்தில் கனிகொடுக்கிற கொடியை அதிகக் கனி கொடுக்கும்படி 'சுத்தம்பண்ணுகிறார்' என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அந்த வசனத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், ஏதோ தூசி துடைக்கிற மாதிரிதான் மனதில் படம் இருந்தது. அன்றைக்கு அந்தத் தோட்டத்தில்தான் அரிவாள் தெரிந்தது. வெட்டுப்படுவது கனி கொடுக்காத கொடி மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கிற கொடிக்கும் வெட்டு உண்டு.

எல்லா வறட்சியும் கவாத்து இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சில சமயம் ராத்திரி ஒரு மணி வரை செல்போன் பார்த்துவிட்டுக் காலையில் ஜெபம் ஒட்டவில்லை என்றால் அதற்குப் பெயர் தூக்கமின்மை. சில சமயம் விடாமல் செய்கிற ஒரு தப்பு நடுவில் நிற்கும், அது உங்களுக்கே தெரியும். சில சமயம் மனச்சோர்வு நோயாகவே இருக்கும். மாதக்கணக்கில் எதிலும் ருசி இல்லை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கெட்டது என்றால் போதகரிடம் மட்டும் போகாதீர்கள், டாக்டரிடமும் போங்கள். விசுவாசக் குறைவு என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆனால் காரணமே தெரியாத வறட்சியும் உண்டு. அன்னை தெரசா காலமாகிப் பத்து வருஷம் கழித்து, 2007-இல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் உள்ளுக்குள் இருட்டு, தேவன் இருப்பதாகவே உணரவில்லை என்று தன் ஆன்ம குருக்களுக்கு எழுதியிருந்தார். காலையில் எழுந்து பூசைக்குப் போனார், வேலைக்குப் போனார். என் கணவர் தவறிய பிறகு எனக்கும் இரண்டு வருஷம் அப்படி இருந்தது. ஜெபம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஞாயிறு காலை பழக்கதோஷத்தில் புடவை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவேன், பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருவேன். பாமாலை பாடும்போது வாய் மட்டும் அசையும். என்னைச் சுற்றி எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். பாதி நாள் அவர்கள் பாடினது என் கணக்கிலும் சேர்ந்தது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். வீட்டுப் பழக்கமா நிஜமா என்று கேட்டீர்களே, அந்த இரண்டு வருஷம் நிஜம் எங்கேயோ போயிருந்தது, பழக்கம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பழக்கத்தைக் கேவலமாகப் பேசாதீர்கள்.

என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரிய திட்டம் எதுவும் போடாதீர்கள். ஜனவரி முதல் தேதி முழு பைபிளையும் ஒரு வருஷத்தில் முடிப்பேன் என்று ஆரம்பித்து, பிப்ரவரியில் லேவியராகமத்தில் குஷ்டரோகச் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு நின்றுபோனவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றலாம். நீங்கள் மாற்குவில் ஆரம்பியுங்கள், பதினாறே அதிகாரம். ஒரு நாளைக்கு ஒரு பத்தி, அரை அதிகாரம்கூட வேண்டாம். அதையே மறுநாளும் வாசித்தால் தப்பில்லை. சங்கீதங்களைச் சத்தம்போட்டு வாசியுங்கள், தமிழ் வாயில் புழங்க வேண்டிய மொழி. கோபமாக இருக்கும்போது கோபமான சங்கீதத்தை வாசியுங்கள், எழுதினவர் நம்மைவிட நன்றாகவே கோபப்பட்டிருக்கிறார். புத்தாண்டு ராத்திரி எடுக்கிற வாக்குத்தத்த அட்டையோடு வருஷத்தை ஓட்டிவிடாதீர்கள். வந்த வசனம் பிடிக்கவில்லை என்று உள்ளே போட்டுவிட்டு இன்னொன்று எடுத்த ஒரு அக்காவை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிஷம் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். இது நம் கத்தோலிக்கச் சகோதரர்களிடமிருந்து நான் வாங்கிக்கொண்டது. 1606-இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட ராபர்ட் டி நொபிலி ஒரு சேசு சபைக்காரர். அந்தச் சபையை ஆரம்பித்த இஞ்ஞாசியார் தினம் இரண்டு தடவை இப்படி ஆன்ம சோதனை செய்யச் சொன்னார். முதலில் அன்றைக்குக் கிடைத்த நன்மைக்கு நன்றி, அப்புறம் எங்கே தவறினேன், நாளைக்கு என்ன. இஞ்ஞாசியாரும் தேதிக்காரர்தான், 1521-இல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டில் கால் முறிந்து படுத்தபோது மாறியவர். ஆனால் அதற்குப் பிறகான காலத்தைப் பற்றி, பள்ளிக்கூட வாத்தியார் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி தேவன் தன்னை நடத்தினார் என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியை என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். எந்த வாத்தியாரும் முதல் நாளே முழுப் புத்தகத்தையும் நடத்துவதில்லை.

திருவிருந்தைத் தவறவிடாதீர்கள், மனம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் போங்கள். பசி எடுத்தால்தான் சாப்பிடுவேன் என்று காய்ச்சல்காரன் சொல்லக் கூடாது. யாராவது ஒரு ஆளைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். சபையில் தனியாக இருக்கிற ஒரு தாத்தாவை மாதம் ஒருதரம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது போதும். மறைவாக, போட்டோ எடுக்காமல். விசுவாசத்தில் என்னிடம் வளர்ந்தது எல்லாம் தனியாக உட்கார்ந்து யோசித்து வளர்ந்ததில்லை, எனக்குப் பிடிக்காத ஆட்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்ததுதான்.

பாட்டுகளை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இது எதற்கு என்று இருபத்தொன்பதில் தெரியாது. என் அம்மாவுக்குக் கடைசி நான்கு வருஷம் ஞாபகம் போய்விட்டது. என்னை யாரென்றே தெரியாது, சாப்பிட்டாரா இல்லையா என்று தெரியாது. ஆனால் சிறுவயதில் கற்ற கீர்த்தனையை நான் முதல் அடி எடுத்துக்கொடுத்தால் மூன்று சரணமும் ராகம் தப்பாமல் பாடுவார். போதகர் வந்து கர்த்தருடைய ஜெபத்தை ஆரம்பித்தால் 'ஆமென்' வரை கூடவே வருவார். அவர் எண்பது வருஷமாக உள்ளே போட்டுவைத்தது அது. அவருக்கும் இரட்சிக்கப்பட்ட தேதி கிடையாது, யாரும் கேட்டதும் இல்லை.

வயது ஏற ஏற எப்படி மாறும் என்று கேட்டால், என் அனுபவத்தில் இருபதுகளில் கேள்விகள் அதிகம், நாற்பதுகளில் நேரமே இல்லை, அறுபதுக்கு மேல் ஜெபம் சின்னதாகிவிடுகிறது. முன்பெல்லாம் அரை மணி நேரம் பேசுவேன். இப்போது பெயர்களை மட்டும் சொல்கிறேன். பழைய வகுப்பு வருகைப்பதிவேடு மாதிரி ஒவ்வொரு பெயராக. உங்கள் பெயரும் இந்த வாரம் சேர்ந்திருக்கிறது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவரை மட்டமாக நினைக்காதீர்கள். வீட்டுப் பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் ஆள் எப்படி என்று தெரிந்துகொள்ள அவருக்குத் தெரிந்த கேள்வி அது. மறுபடி கேட்டால், உங்கள் ஞானஸ்நானத் தேதியைச் சொல்லுங்கள். சபைப் பதிவேட்டில் இருக்கும், போய் எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்கு அவர், அது சரி தம்பி, இரட்சிப்பு எப்போ என்றால், "நடந்துகிட்டு இருக்கு மாமா, 1 கொரிந்தியர் ஒண்ணு பதினெட்டு" என்று சொல்லுங்கள். சிரித்தால் நல்ல மனுஷர். சிரிக்காவிட்டாலும் பைபிளை எடுத்துப் பார்ப்பார், அதுவும் நல்லதுதான்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள், பஜ்ஜி முதல் மாமாவின் மீசை வரை எல்லாம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசினீர்களா, இல்லையா?